வெள்ளியின் இணைதிறன் ஒன்றுதானா?

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் என் அக்காள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வந்ததும் பையிலிருந்து அறிவியல் விடைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு மதிப்பெண் கேள்வி: 'வெள்ளியின் இணைதிறன் என்ன?' அவள் எழுதியிருந்த விடை: 'வழக்கமாக 1. ஃபுளோரினுடன் சேரும்போது 2, 3-ம் உண்டு.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. ஓரத்தில் ஒரு சுழி. போதாததற்கு இணைதிறன் அட்டவணையை இருபது முறை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

"மாமா, இனிமே புத்தகத்துல இருக்கறதை மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

குற்றம் என்னுடையதுதான். தீபாவளி விடுமுறையில், கொலுசைப் பற்றிய பேச்சில், அந்த 2-ஐயும் 3-ஐயும் அவளிடம் சொன்னவன் நான். ஒரு மதிப்பெண் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த வாக்கியத்தை அவள் சொன்ன விதம்தான் மனத்தை உறுத்துகிறது. அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து போய்விட்டாள். 'ஏன்' என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஆகவே மாணவ நண்பர்களே, அவள் விடை சரிதானா என்பதை உங்களோடு சேர்ந்து பார்த்துவிடலாம் என்று எண்ணுகிறேன். நான் இயற்பியல் ஆசிரியன். வேதியியல் நண்பர்களின் வயலுக்குள் சற்றே புகவேண்டியிருக்கிறது. அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

வெள்ளியைப் பற்றிப் பேச எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் கொலுசுப் பட்டறைகளைக் காணலாம். கம்பி இழுப்பார் ஒருவர், வளையம் கோர்ப்பார் ஒருவர், பற்றவைப்பார் ஒருவர், மெருகிடுவார் ஒருவர். தரையில் விழும் அரப்பொடியைக் கூட வீணாக்கமாட்டார்கள். கூட்டிப் பெருக்கிச் சேர்த்து வைத்து, அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அதற்கு ஒரு வழி, பொடியை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பது. வெள்ளி கரைந்து வெள்ளி நைட்ரேட்டாகிறது. அக்கரைசலில் செம்புத் தகட்டை வைத்தால் செம்பு கரையும். வெள்ளி பஞ்சுபோலத் தகட்டின் மேல் படியும். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வீட்டுப் பட்டறையில் இதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று அது மாயவித்தை போலிருந்தது.

கரைசலில் உள்ள வெள்ளி அணு ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானை இழந்திருக்கிறது. அதாவது இணைதிறன் ஒன்று. பழைய கொலுசு கறுத்துப் போகிறதே, அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு, அதிலும் ஒன்றுதான். ஒளிப்படச் சுருளில் பூசப்பட்ட வெள்ளி புரோமைடிலும் ஒன்றே. பட்டறை, ஒளிப்பட நிலையம், பள்ளி ஆய்வகம் ஆகிய மூன்றிலும் வாழ்நாள் முழுதும் வெள்ளியோடு பழகியவர் கூட 'வெள்ளியின் இணைதிறன் ஒன்று' என்று சத்தியம் செய்யலாம். அட்டவணை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்த இடங்களில் ஃபுளோரின் வாயு இல்லை; அவ்வளவுதான்.

ஃபுளோரைடு என்ற சொல் சேலம், நாமக்கல் மாவட்டத்தாருக்குப் புதியதல்ல. எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் அது அளவுக்கு மீறி இருக்கிறது. பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து மெல்லக் கரைந்து நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லில் பழுப்புக் கறை விழும். மேலும் மிகுந்தால் எலும்பைக் கெடுக்கும். மேட்டூரில் 1965 முதல் 2008 வரை நடந்த அலுமினிய உருக்காலையிலும் ஃபுளோரைடு உண்டு. கிரையோலைட் என்னும் சோடியம் அலுமினியம் ஃபுளோரைடை உருக்கி, அதில் அலுமினாவைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சியே அங்கு உலோகம் எடுத்தார்கள். ஆனால் கிணற்றிலும் உருக்குத் தொட்டியிலும் இருப்பது ஃபுளோரைடு அயனி. அது தனக்கு வேண்டிய எலெக்ட்ரானை ஏற்கெனவே பெற்று வயிறு நிறைந்திருப்பது. நான் சொல்லப்போவது பசியோடிருக்கும் ஃபுளோரின் வாயுவைப் பற்றி. ஹென்றி முவாசான் 1886-இல் பாரிஸில் அதை முதன்முதலில் தனியே பிரித்தார். அதற்கு முன் முயன்றவர்களில் சிலர் நஞ்சேறி மாண்டனர். பலர் உடல்நலம் கெட்டனர். 1906-இல் முவாசானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயுவைக் கொண்டு யாரும் வீட்டிலோ பள்ளியிலோ எதையும் செய்துபார்க்க இயலாது, எண்ணவும் கூடாது.

இந்த வாயுவும் வெள்ளியும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றல்ல, நான்கு சேர்மங்கள் கிடைக்கின்றன.

முதலாவதில் இரண்டு வெள்ளி அணுக்களுக்கு ஒரு ஃபுளோரின் அணு. அப்படியானால் ஒரு வெள்ளிக்கு அரை இணைதிறன் என்றாகிறது! வெண்கலம் போல மினுமினுக்கும் இப்பொருள் உலோகத்தைப் போலவே மின்சாரத்தைக் கடத்துகிறது. இரண்டாவது, ஒன்றுக்கு ஒன்று என்ற சாதாரண வெள்ளி ஃபுளோரைடு. நிறம் மஞ்சள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளி குளோரைடு நீரில் கரையாது என்பதும், உப்புநீரில் வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் வெண்ணிற வீழ்படிவு வருவதும் நீங்கள் அறிந்ததே. வெள்ளி ஃபுளோரைடோ நீரில் தாராளமாகக் கரையும். ஆகவே கிணற்று நீரில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றி ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் பார்க்கும் வெண்மை குளோரைடால் வந்தது.

மூன்றாவது, ஒரு வெள்ளிக்கு இரண்டு ஃபுளோரின்: வெள்ளி டைஃபுளோரைடு. கரும்பழுப்புத் தூள். ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரூஃப், 1934-இல் தம் உடனுழைப்பாளருடன் இதனை அறிவித்தார். வெள்ளி குளோரைடைச் சூடாக்கி அதன்மேல் ஃபுளோரின் வாயுவைச் செலுத்தினால் போதும். ஏறத்தாழ 200 டிகிரி வெப்பநிலையிலேயே கிடைத்துவிடும். ஈரம் பட்டால் நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும். நான்காவது சிவப்பு நிற வெள்ளி டிரைஃபுளோரைடு, இணைதிறன் மூன்று. இதன் படிக அமைப்பு 1991-இல் வெளியாயிற்று. அறை வெப்பநிலையிலேயே சிறுகச் சிறுக ஃபுளோரினைக் கைவிடும் அளவுக்கு நிலையற்றது. ஆயினும் உள்ள பொருள். பெயர் பெற்ற பொருள்.

அரை, ஒன்று, இரண்டு, மூன்று. அக்காள் மகள் எழுதியது சரிதான். அரையை விட்டுவிட்டாள் என்று வேண்டுமானால் அரை மதிப்பெண் குறைக்கலாம்!

இனி 'ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க ஆற்றல் செலவாகும். அச்செலவை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பது வழக்கம். பணம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்; ஓர் எலெக்ட்ரான் வோல்ட் ஒரு ரூபாய். வெள்ளியிலிருந்து முதல் எலெக்ட்ரானை எடுக்க 7.6 ரூபாய். இரண்டாவதை எடுக்க 21.5 ரூபாய். சோடியத்தில் முதல் எலெக்ட்ரானுக்கு 5.1 ரூபாய், இரண்டாவதற்கு 47.3 ரூபாய்! சோடியத்தின் இரண்டாவது எலெக்ட்ரான் உள்கூட்டில் அணுக்கருவுக்கு அருகில் பத்திரமாக இருக்கிறது. வெள்ளியின் இரண்டாவது எலெக்ட்ரானோ வெளிவிளிம்பை ஒட்டிய 4-டி கூட்டில் இருக்கிறது. அட்டவணையில் இரண்டுக்கும் எதிரே '1' என்றே போட்டிருக்கிறோம். ஆனால் சோடியத்தின் ஒன்று இரும்புக் கதவு. வெள்ளியின் ஒன்று விலை கூடுதலான கதவு. இவ்விரண்டும் ஒரே எண்ணாக அச்சாகியிருப்பதுதான் அட்டவணையின் குறை.

செலவு தெரிந்தது. வரவு எங்கிருந்து? இரண்டு வழியில் வருகிறது. ஃபுளோரின் அணு எலெக்ட்ரானை வாங்கும்போது கொஞ்சம் ஆற்றல் தருகிறது. பிறகு நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கி அமரும்போது நிறையத் தருகிறது.

முதல் வரவில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. எலெக்ட்ரானை வாங்குவதில் ஃபுளோரினைவிடக் குளோரினே சற்றுக் கூடுதலாகத் தருகிறது! ஃபுளோரின் 3.40, குளோரின் 3.61. 'ஃபுளோரினுக்கு எலெக்ட்ரான் ஆசை மிகுதி, அதனால்தான்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் ஃபுளோரினின் பலம் எங்கே இருக்கிறது? அதன் பலம் ஒரு பலவீனத்தில் இருக்கிறது. ஃபுளோரின் மூலக்கூற்றில் இரண்டு அணுக்களும் மிக நெருங்கியிருப்பதால் அவற்றின் பிணைப்பில் ஈடுபடாத எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பிணைப்பு நைந்த கயிறு போல் இருக்கிறது. ஓர் அணுவைப் பிரிக்க 0.8 ரூபாய் போதும், குளோரினில் 1.25 ஆகும். பிரிக்கும் கூலியைக் கழித்தபின் அணு ஒன்றுக்கு ஃபுளோரினில் மிஞ்சுவது ஏறத்தாழ 2.6, குளோரினில் 2.35. ஃபுளோரின் முந்துகிறது. ஆனால் இந்த வித்தியாசம் சொற்பம்.

பெரிய வித்தியாசம் இரண்டாம் வரவில். ஃபுளோரைடு அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம், குளோரைடு அயனியின் ஆரம் 1.81. கூலும் விதியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஓரலகு மின்சுமையுள்ள இரண்டு அயனிகள் ஓர் ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருந்தால் ஈர்ப்பாற்றல் 14.4 எலெக்ட்ரான் வோல்ட். வெள்ளி டைஃபுளோரைடில் வெள்ளிக்கும் அருகிலுள்ள ஃபுளோரினுக்கும் இடைத்தூரம் சுமார் 2.07 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியின் மின்சுமை 2. ஆக, இரண்டு பெருக்கல் 14.4 வகுத்தல் 2.07, விடை 13.9. ஃபுளோரினுக்குப் பதில் குளோரினை வைத்தால் தூரம் 2.55 ஆகிவிடும், விடை 11.3-க்குச் சரிந்துவிடும். ஒரு ஜோடி அயனிக்கே இரண்டரை ரூபாய் நட்டம். படிகத்தில் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் பல அயனிகள் இருக்கின்றன அல்லவா?

முழுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். கட்டியாக உள்ள வெள்ளியிலிருந்து ஓர் அணுவைப் பெயர்த்தெடுக்க 3. அதிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களை நீக்க 29. மொத்தச் செலவு 32. இரண்டு ஃபுளோரின் அணுக்கள் தருவது 5. படிகம் அமைவதால் வருவது ஏறத்தாழ 30. வரவு 35, செலவு 32. மூன்று ரூபாய்க்கு மேல் ஆதாயம், சேர்மம் உண்டாகிறது. குளோரினிலோ இரண்டு வரவுகளும் குறைந்து ஆதாயம் கரைந்து போகிறது. ஒரே குளோரினோடு நின்று வெள்ளி குளோரைடாக இருப்பதே வெள்ளிக்கு நலம். அதனால்தான் நம் ஆய்வகத்தில் 'இணைதிறன் ஒன்று'.

இந்தக் கணக்கில் கடினமானது என்ன இருக்கிறது? கூட்டல், கழித்தல், ஒரே ஒரு வகுத்தல். பதினோராம் வகுப்பு மாணவர் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். என் கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் ஒருநாள் இதே கேள்வியைக் கேட்டேன். 'ஒன்று!' என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிற்று. ஏன் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "புக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார். அவர் வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவர். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விடுதியில் சேர்க்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அட்டவணை ஒப்பிக்கும் குரல்களைக் கேட்டுக்கொண்டே நான் நடைப்பயிற்சி போயிருக்கிறேன்.

அட்டவணையை நம்பியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். பெரிய அறிவியலாரும் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். செனான், கிரிப்டான் முதலியவற்றின் இணைதிறன் சுழி என்று அட்டவணை சொல்லிற்று. 'மந்த வாயு' என்று பெயரும் வைத்தாயிற்று. 1933-இல் லைனஸ் பாலிங் செனான் ஃபுளோரைடு இருக்கக்கூடும் என்று எழுதினார். அவர் தூண்டுதலால் கலிஃபோர்னியாவில் யோஸ்ட், கே என்ற இருவர் முயன்றனர், கிடைக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பெயர்ப் பலகையே பலரைத் தடுத்து நிறுத்தியது எனலாம். மந்தமானது என்று எழுதிவிட்டால் யார்தான் போய்த் தட்டியெழுப்புவார்?

கனடாவில் வான்கூவர் நகரிலிருந்த நீல் பார்ட்லெட் வேறு வேலையில் ஈடுபட்டிருந்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற சேர்மம், பிளாட்டினத்துக்கு வழக்கமான இணைதிறன்கள் 2, 4, இதில் 6. ஆழ்ந்த சிவப்பு நிற ஆவி. அது ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்வதை அவர் கண்டார். ஆக்சிஜன் எப்போதும் எலெக்ட்ரானை வாங்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே கொடுக்கிறது! பார்ட்லெட் அட்டவணையை மூடிவிட்டு ஆற்றல் கணக்கைத் திறந்தார். ஆக்சிஜன் மூலக்கூற்றின் எலெக்ட்ரானை நீக்க 12.07, செனானின் எலெக்ட்ரானை நீக்க 12.13. வித்தியாசம் ஆறு காசு! ஆக்சிஜன் கொடுக்குமானால் செனான் ஏன் கொடுக்காது? 1962 மார்ச் 23-ஆம் நாள் இரண்டு வாயுக்களையும் கலந்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அந்த மஞ்சள் பொருள் ஒரே சேர்மமன்று, கலவை என்று பின்னால் தெரியவந்தது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அந்த ஆண்டிலேயே செனான் ஃபுளோரைடுகள் வரிசையாக வெளிவந்தன.

இக்கதையை நம் வெள்ளியோடு முடிச்சுப் போடும் செய்தி ஒன்று உண்டு. 1990-இல் பார்ட்லெட்டும் ஸ்லோவேனியா நாட்டு போரிஸ் ஷெம்வாவும் தம் குழுவினரோடு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடில், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த வெள்ளி அயனியைக் கரைத்துச் செனான் வாயுவைச் செலுத்தினால், வெள்ளி தானாகவே செனானிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. பாப்பாவின் காலில் ஜல் ஜல் என்று ஒலிக்கும் அதே வெள்ளி, 'மந்த' வாயுவைக் கொள்ளையடிக்கிறது! இதைக் கேட்டபோது எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்றால் மிகைதான்; ஆனால் பட்டறை நண்பனுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். "அந்த வெள்ளி டச்சு எத்தனை?" என்று கேட்டான்.

வெள்ளி டைஃபுளோரைடில் இயற்பியலாருக்கும் ஒரு பங்குண்டு. 1986-இல் பெட்நார்ஸ், முல்லர் என்ற இருவர் செம்பு ஆக்சைடு வகைப் பொருளொன்றில் எதிர்பாராத வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டனர். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. அப்பொருள்களில் உள்ள செம்பு அயனியில் 3-டி கூட்டில் 9 எலெக்ட்ரான்கள். ஒன்று ஜோடியின்றித் தனியே நிற்கும். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த வெள்ளியிலும் 4-டி கூட்டில் அதே 9. தனிம அட்டவணையில் செம்புக்கு நேர் கீழே வெள்ளி இருக்கிறதல்லவா! போலந்து நாட்டு வோய்ச்செக் குரோஹாலாவும் ரோல்ட் ஹாஃப்மனும் 2001-இல் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டி, வெள்ளி ஃபுளோரைடுகளில் மீக்கடத்தலைத் தேடலாம் என்றனர். 2019-இல் வந்த ஆய்வு ஒன்று, வெள்ளி டைஃபுளோரைடில் அடுத்தடுத்த காந்தத் திருப்பங்களுக்கு இடையே உள்ள பிணைப்பு, செம்பு ஆக்சைடுகளில் உள்ளதை நெருங்குகிறது என்று அளந்து சொன்னது. வெள்ளி அங்கே ஃபுளோரினிடமிருந்தே எலெக்ட்ரானில் பங்கு கேட்கிறது; ஆகவே அந்த '2' கூடக் கணக்கு வசதிக்காக வைத்த எண் என்பதை மறக்கக் கூடாது. மீக்கடத்தல் இன்னும் கைகூடவில்லை. கைகூடலாம், கூடாமலும் போகலாம். 'வெள்ளியின் இணைதிறன் ஒன்று' என்று நம்பியவர் இந்தத் தேடலைத் தொடங்கியே இருக்கமாட்டார்.

இந்த உற்சாகத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது, அதையும் காட்டிவிடுகிறேன். ஃபுளோரின் எதையும் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. 1986-இல் தங்கத்தின் ஹெப்டாஃபுளோரைடு, அதாவது இணைதிறன் ஏழு, கிடைத்ததாகச் சோவியத் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இருபது ஆண்டுகள் அது நூல்களில் இடம்பெற்றது. பின்னர் கணிப்பு முறையில் ஆராய்ந்தபோது, அது ஐந்து இணைதிறனுள்ள தங்க ஃபுளோரைடின்மேல் ஒரு ஃபுளோரின் மூலக்கூறு ஒட்டிக்கொண்ட பொருளாகவே இருக்கமுடியும் என்றாயிற்று. இன்னொன்று: மாங்கனீசு. கிணற்றில் போடும் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் நிலை ஏழு. அங்கே அதோடு இருப்பது ஆக்சிஜன். ஃபுளோரினோடு மாங்கனீசு நான்கோடு நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு போடும், ஃபுளோரின் போடாது. ஏழு ஃபுளோரின்களை அந்தச் சிறு அணுவைச் சுற்றி நிறுத்த இடமும் இல்லை. 2014-இல் இரிடியத்தில் ஒன்பது என்ற உச்ச நிலை கண்டறியப்பட்டபோது அங்கேயும் துணை நின்றது ஆக்சிஜனே.

அந்த நான்கு நிலை மாங்கனீசு ஃபுளோரைடை இளக்காரமாக எண்ணவேண்டாம். ஃபுளோரினை மின்சாரமின்றி வேதிவினையால் பெறவே முடியாது என்று நூறாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். முவாசானின் நூற்றாண்டில், 1986-இல், கார்ல் கிறிஸ்டே அந்த மாங்கனீசுச் சேர்மத்தோடு ஆன்டிமனி பென்டாஃபுளோரைடைச் சேர்த்துச் சூடாக்கி ஃபுளோரினை வெளிக்கொணர்ந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள்களில் ஒன்று, நம் பெர்மாங்கனேட்! இன்று பல தொலைக்காட்சி, கைப்பேசித் திரைகளில் தூய சிவப்பைத் தருவதும் ஃபுளோரைடுப் படிகத்தில் சிறிதளவு கலந்த அதே நான்கு நிலை மாங்கனீசுதான்.

அக்காள் மகளின் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை, அவர் வயதில் என்னைவிட இளையவர், நல்ல உழைப்பாளி. அறுபது விடைத்தாள்களுக்கு நடுவே தேநீர் கொடுத்துப் பேசினார். "சார், விடைக்குறிப்புல '1'னு இருக்கு. அதுக்கு மேல ஒரு வரி இருந்தா நான் என்ன செய்யட்டும்? நாளைக்கு இன்னொரு பையன் தப்பா 2-னு எழுதிட்டு, அவளுக்குப் போட்டீங்களேன்னு கேப்பான்" என்றார். நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் எளிய விதி வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. நடக்கப் பழகும் குழந்தைக்கு நடைவண்டி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது தனிமங்களின் அயனியாக்கும் ஆற்றலைத் திணித்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

நான் கேட்பது சிறிது. அட்டவணையின் தலைப்பில் 'இணைதிறன்' என்றிருக்கும் இடத்தில் 'வழக்கமான இணைதிறன்' என்று ஒரு சொல் சேர்க்கட்டும். விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள், 'காரணத்தோடு வேறு எண் எழுதினால் ஏற்றுக்கொள்க' என்று ஒரு வரி எழுதட்டும். அந்தத் தவறான பையன் வெறும் '2' எழுதினால் சுழி போடுங்கள். 'ஃபுளோரினுடன்' என்று எழுதினால் மதிப்பெண் போடுங்கள். மேல்நிலை வகுப்பில், ஃபுளோரின் உயர் ஆக்சிஜனேற்ற நிலைகளை நிலைப்படுத்துகிறது என்று ஒரு வரி பாடத்தில் வருகிறது; அதை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், மேலே நான் போட்ட வரவு செலவுக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஒரு பீரியடு போதும். ஆசிரியர் கடைசியில், "அவளை எழுதச் சொன்னதை விட்டுடச் சொல்றேன் சார்" என்றார். மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அவள் பதினான்கு முறை எழுதி முடித்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டின் பின்பக்கத்தில் நானும் அவளும் உட்கார்ந்து வெள்ளிக் கணக்கைப் போட்டோம். வகுத்தலில் ஒருமுறை பிசகினாள், மறுபடி போட்டாள். 35-இலிருந்து 32-ஐக் கழித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப சோடியத்துக்கு மட்டும் ஏன் மாமா ரெண்டு வராது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை உங்களுக்கும் வைக்கிறேன். சோடியத்தை அணுவாகப் பெயர்க்க 1.1, முதல் எலெக்ட்ரானுக்கு 5.1, இரண்டாவதற்கு 47.3. இரண்டு ஃபுளோரின்கள் தருவது 5. இத்தகைய படிகம் தரக்கூடியதை, பக்கத்து வீட்டுக்காரராகிய மக்னீசியம் ஃபுளோரைடைப் பார்த்து, 30.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடித்தவர்கள் கால்சியத்தின் மூன்றாவது எலெக்ட்ரானுக்கு 50.9 ஆகும் என்பதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம்.